நெளியாத தட்டு

அந்தப் புதுத் தட்டு ரேவதியின் கையிலிருந்து நழுவிக் கிணற்றில் விழுந்ததா, இல்லை அவளாகவே போட்டாளா? நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கண் முன்னால்தான் நடந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கு எனக்கே இரண்டு பிள்ளைகள். இன்னும் விடை தெரியவில்லை. இந்த மாதம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

காரணம் இருக்கிறது. நாங்கள் கீரனூரில் இருக்கிறோம். என் கணவர் தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறார். மகள் யாழினி மூன்றாம் வகுப்பு, மகன் கவின் எல்.கே.ஜி. இவர்களோடு இன்னொரு பிள்ளையையும் வீட்டில் வைத்து வளர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். தத்து எடுப்பது இல்லை. பெற்றவர்கள் இருந்தும் இப்போதைக்கு வைத்துக்கொள்ள முடியாத ஒரு பிள்ளை, விடுதியில் வளராமல் ஒரு குடும்பத்தில் வளர்வது. அந்த வீட்டு நிலைமை சரியானால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எப்போது சரியாகும், ஆகுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

யாழினியின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து இதைப் பற்றிப் பேசினார். கேட்டுவிட்டு வந்து, "நாம செய்யலாமாங்க?" என்று முதலில் ஆரம்பித்தது நான்தான். கணவர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவர் சரி என்று சொன்னதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வரும்போதெல்லாம் எனக்குச் சின்ன வயதில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அத்தையின் முகம் வருகிறது.

அத்தை என்றால் சொந்தம் இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அத்தை. ஒல்லியாக இருப்பார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடப்பார். அவர் வீட்டுக்காரர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மீன் ஏற்றி வரும் வேன் ஓட்டினார். அத்தையின் மகள் சுகந்தி என் வகுப்பு, என் பெஞ்சு.

அடுத்தவர் பொருள் என்றால் அத்தைக்கு ஒரு நடுக்கம். அவரைப் பற்றி எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

ஒரு ஐப்பசி மாதம், கடைக்குப் போக எங்கள் வீட்டுக் குடையை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது. சேலைக்குள்ளிருந்து மடித்த குடையை எடுத்து நீட்டினார். குடையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"ஏம்மா, குடைய வாங்கிட்டுப் போயிட்டு இப்படி நனஞ்சிட்டு வந்து நிக்கிறே?" என்றார் என் அம்மா.

"காத்து அடிக்குதுக்கா. விரிச்சா மடங்கிரும்போல இருந்துச்சு. அதான் உள்ள வச்சுக் கொண்டாந்தேன்."

"நல்லா இருக்கே! குடைய நனையவிடாம நீ நனஞ்சியாக்கும்?"

"நான் காஞ்சிருவேன்க்கா. குடைக்கம்பி ஒடிஞ்சா ஒடிஞ்சதுதானே?"

இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் பல நாள் சிரித்தோம். அப்பா மழைக்காலத்தில் வெளியே கிளம்பும்போதெல்லாம், "குடைக்கு ஒரு குடை எடுத்துட்டுப் போகவா?" என்பார்.

நாங்கள் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிட்டால் அந்தக் கிண்ணம் எங்கள் வீட்டில் இருந்ததைவிடப் பளபளப்பாகத் திரும்பி வரும். வெறுங்கிண்ணமாக வராது. ஒரு கை சீனியாவது, இரண்டு முருங்கைக்காயாவது இருக்கும். இரவல் சாமான்களை வைக்க அவர் வீட்டில் தனியாக ஒரு பலகை அடித்திருந்தார். அவருடைய சொந்தச் சாமான்களைப் பார்க்க வேண்டுமே! விளிம்பு நெளிந்த தட்டு, மூடி பொருந்தாத சட்டி, பிடி ஆடுகிற கரண்டி. அம்மா ஒருதடவை, "ஒன் வீட்டுச் சாமானையும் அப்படிப் பாத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டார்.

"நம்ம சாமான் நம்மள ஒண்ணும் கேக்காதுக்கா" என்றார் அத்தை.

அது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. கிழிந்த பாய்க்கும் சொல்வார், தேய்ந்துபோன செருப்புக்கும் சொல்வார். அப்போது எனக்கு அதில் பயப்பட எதுவும் தெரியவில்லை.

ரேவதி வந்தது நாங்கள் ஐந்தாம் வகுப்பு தொடங்கிய சமயத்தில். அவள் அப்பா ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் வேலை பார்த்தவர். எல்லை தாண்டினார்கள் என்று படகோடு பிடித்து இலங்கைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் அம்மா முன்பே இறந்துவிட்டார். அவளை வைத்திருந்த சித்தப்பா வீட்டில் ஏற்கெனவே நிறையப் பிள்ளைகள். அவள் அப்பாவோடு இருந்த பழக்கத்துக்காக, "கொஞ்ச நாளைக்கு நம்ம வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லித் தன் வேனிலேயே அழைத்து வந்துவிட்டார் அத்தையின் வீட்டுக்காரர். எங்களைவிட ஒரு வயது சின்னவள். கையில் ஒரு துணிப்பை. வேனின் மீன் வாடை அவள் பாவாடையில் இருந்தது.

அத்தை அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் அவளுக்கென்று ஒரு புது எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தார். நல்ல கனம். முகம் தெரியும். சுகந்தியும் அவள் தம்பியும் பழைய நெளிந்த தட்டுகளில் சாப்பிட, ரேவதி மட்டும் புதுத் தட்டில் சாப்பிட்டாள்.

தெருவே அத்தையைப் புகழ்ந்தது. பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார்கள். உண்மைதான், பெற்ற பிள்ளைக்கு அவர் அப்படிச் செய்யவில்லை. ரேவதிக்குத்தான் முதல் தோசை. ரேவதிக்குத்தான் கட்டில். ரேவதி விளக்குமாற்றைத் தொட்டால் அத்தை ஓடிவந்து பிடுங்குவார்.

"வச்சிரு தாயி, யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாக? ஊரு பிள்ளைய வேலை வாங்குறான்னு சொல்ல மாட்டாகளா? ஏய் சுகந்தி, அங்கிட்டு என்னடி நிக்கிறே, வந்து கூட்டு!"

பிள்ளைகளுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அடி சுகந்திக்குத்தான். யார் ஆரம்பித்தது என்று கேட்கமாட்டார். ஒருதடவை ரேவதி கல்லெறிந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்தது. அத்தை வந்த வேகத்தில் சுகந்தியின் முதுகில் ஒன்று வைத்தார். "நான் எறியலம்மா!" என்று அவள் கத்தினாள். "எறியாட்டி என்ன, நீ பாத்துக்கிட்டுத்தானே நின்னே?" என்றார் அத்தை. "நான்தான் அத்தை எறிஞ்சேன்" என்று ரேவதி முன்னால் வந்து நின்றாள். அத்தை அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "சரி தாயி, நீ உள்ள போ."

எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் குளிக்கப் போவோம். சுகந்தி அங்கேதான் நீச்சல் கற்றாள். ரேவதியைத் தண்ணீரில் இறங்க அத்தை விடமாட்டார். "அவுக அப்பன் வந்து எம் பிள்ளை எங்கன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்?" எங்கள் எல்லாரையும்விட நன்றாக நீந்தத் தெரிந்த கடற்கரைப் பிள்ளை, கரையில் உட்கார்ந்து எங்கள் துணிகளுக்குக் காவல் இருப்பாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்ப்பாள்.

தட்டு விழுந்தது ஒரு விடுமுறை நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அத்தை வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு பொதுக்கிணறு. அவரவர் தட்டை அங்கே கொண்டுபோய்க் கழுவுவோம். நானும் சுகந்தியும் கல்லருகில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தோம். ரேவதி தட்டை அலசிவிட்டுக் கிணற்றுச் சுவரோரம் போய் நின்றாள். தட்டைச் சுவரின் மேல் வைத்தாள். வெயில் பட்டு அது கண்ணைக் கூச வைத்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் விரல் தட்டின் மேல் இருந்தது. பிறகு தட்டு இல்லை. கீழே தண்ணீரில் ஒரு சத்தம். ரேவதி திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. அத்தை வீட்டுப் பின்வாசலைத்தான் பார்த்தாள், யாரோ வரக் காத்திருப்பவள்போல.

அத்தை வந்தார். நேராகச் சுகந்தியிடம் வந்து அவள் காதைப் பிடித்துத் திருகினார். "புள்ளைய கிணத்தோரம் விட்டுட்டு இங்க என்னடி பண்றே?"

ரேவதியின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அடி வாங்கிய சுகந்தியின் முகத்தைவிட அவள் முகம் மோசமாக இருந்தது.

கிணற்றில் விழுந்ததை எடுக்கப் பாதாளக் கரண்டி வேண்டும். இரும்பு வளையத்தில் சுற்றிலும் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவினால் பாத்திரம் ஏதாவது ஒரு கொக்கியில் சிக்கி வரும். எங்கள் தெருவில் அது மளிகைக்கடைக்காரர் வீட்டில் மட்டும் இருந்தது. அதைச் சும்மா தர மாட்டார்கள். வாங்கப் போகிறவர் தன் வீட்டுப் பாத்திரம் ஒன்றை அங்கே ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்து வர வேண்டும். கரண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் பாத்திரத்தை வாங்கிக்கொள்ளலாம். அது வழக்கம். எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும் அப்படித்தான். அத்தை தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

வரும் வழியில் ரேவதி கேட்டாள்: "குண்டானை ஏன் அத்தை அங்க வச்சிட்டு வாரோம்?"

"நாம கரண்டியத் திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும்ல? அந்த நம்பிக்கைக்குத்தான்."

"குடுக்கலன்னா?"

"குண்டான் அவுகளுக்கு."

கொக்கிகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, "எங்கப்பா என்னத்தை வச்சிட்டுப் போனாரு அத்தை?" என்றாள்.

அத்தை நின்றுவிட்டார். கையிலிருந்த கொக்கிகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலவென்று சத்தம் போட்டன. "வெயில் அடிக்குது, வேகமா வாங்கடி" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டு அண்ணன் ரொம்ப நேரம் துழாவினார். முதலில் எப்போதோ தொலைந்த எங்கள் வாளி வந்தது. அப்புறம் யாருடையதோ ஒரு சொம்பு. எல்லாரும் சிரித்தோம். கடைசியில் தட்டு வந்தது. கொக்கி கடித்த இடத்தில் விளிம்பு மடங்கி, சுவரில் மோதி நடுவில் நெளிந்து போயிருந்தது. ரேவதி ஓடிப்போய் அதை வாங்கித் துடைத்தாள். சுகந்தியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அத்தை அவளுக்கு இன்னொரு புதுத் தட்டு வாங்கி வந்தார். நெளிந்தது சுகந்திக்குப் போனது.

அத்தையை நினைத்தால் நான் வந்து சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அவர் கெட்டவர் இல்லை. அவ்வளவு நல்லவராக இருக்க எனக்குத் தெம்பு கிடையாது. ரேவதிக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் படுக்கவே இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு எது வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. அவ்வளவு நல்லவருக்கே புரியவில்லை என்றால் எனக்கு எப்படிப் புரியும்?

அந்தப் பள்ளி வருஷம் முடிகிற சமயத்தில் ரேவதியின் அப்பா வந்தார். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று இருந்தது. அத்தை ரேவதிக்குத் தலை வாரிப் பூ வைத்து, புதுச் சட்டை போட்டு அழைத்து வந்தார். அவர் முன்னால் அவளை நிறுத்தினார். தோளைப் பிடித்து மெல்ல ஒரு சுற்றுத் திருப்பினார். கைகளை நீட்டச் சொல்லி இரண்டு பக்கமும் காட்டினார்.

"பாத்துக்கங்கண்ணே. ஒரு குறையும் வைக்கல. ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு வார்த்தை வஞ்சதில்ல. நீங்களே கேளுங்க."

அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். ரேவதி இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றாள். பை நிறைய முறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுத்தார் அத்தை. வெறுங்கையோடு எதையும் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லையே. பஸ் ஏறும்போது ரேவதி அழவில்லை. ஆளுக்கு ஒரு தடவை தலையசைத்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கிணற்றில் நெளிந்த தட்டைக் காணோம். புதுத் தட்டு மட்டும் இரவல் பலகையில் இருந்தது.

மாவட்ட அலுவலக மேடம் இந்த மாதம் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது, யாழினியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். பிறகு என்னிடம், "பிள்ளைங்களுக்குள்ள சண்டை வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேரையும் விசாரிப்பேங்க" என்றேன், பரீட்சைக்குப் பதில் எழுதுவதுபோல. அவர் சிரித்தார். "முடியலன்னு தோணுனா இப்பவே சொல்லிடுங்கம்மா. அது தப்பில்ல. கூட்டிட்டு வந்துட்டு நடுவுல விடுறதுதான் அந்தப் பிள்ளைக்குப் பெரிய அடி."

போன ஞாயிற்றுக்கிழமை, முறையாக அனுமதி வாங்கி, எங்களிடம் விட நினைத்திருக்கும் பிள்ளையை விடுதி அக்கா ஒருவர் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தார். பெயரை இங்கே எழுதக் கூடாது. ஏழு வயதுப் பெண். வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, ஓரமாக வைத்தாள். கவின் அவளிடம் தன் லாரி பொம்மையைக் காட்டினான். எல்லாம் நன்றாகத்தான் போனது.

சாப்பாடு எடுத்து வைக்கும்போது என் கை தானாக அலமாரியின் மேலடுக்குக்குப் போயிருக்கிறது. அங்கேதான் விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்த பூப்போட்ட பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்றைத் துடைத்து அந்தப் பிள்ளையின் முன்னால் வைத்தேன்.

"அம்மா, இது விருந்தாளித் தட்டுல்ல?" என்றாள் யாழினி.

அந்தப் பிள்ளை தட்டைப் பார்த்தாள். யாழினியின் தட்டைப் பார்த்தாள். சாம்பார்க் கிண்ணத்தை அவள் எடுக்கப் போனபோது கை பட்டுக் கவிழ்ந்து பாயெல்லாம் ஓடியது. என் வாயிலிருந்து வந்ததை நான் அப்படியே எழுதுகிறேன்.

"பரவால்லம்மா, பரவால்ல, ஒண்ணுமில்ல. யாழினி! ஒழுங்கா தள்ளி உட்காரத் தெரியாதா ஒனக்கு?"

யாழினி எதிர்ப்பக்கம் இருந்தாள். அவள் கை கிண்ணத்துக்கு எட்டவே எட்டாது. அவள் என்னையே பார்த்தாள். துணி எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

கணவரிடம் சொன்னேன். "ஒரு நாள் வந்த பிள்ளைய யாரு வைவா? போகப் போகச் சரியாயிரும்" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அத்தைக்குப் போகப் போகச் சரியாகவில்லையே.

சுகந்திக்கு போன் செய்தேன். திருப்பூரில் இருக்கிறாள். அத்தை இறந்து சில வருஷம் ஆகிறது. விஷயத்தைச் சொன்னதும், "ஒனக்கு ஏண்டி இந்த வேலை? இருக்குற ரெண்டு வாலும் பத்தலையா?" என்று முதலில் சிரித்தாள்.

"ரேவதி மேல ஒனக்குக் கோபமாடி?" என்று கேட்டேன்.

"அவ மேல என்ன கோபம்? அந்த நெளிஞ்ச தட்ட அவ பையில வச்சதே நான்தான். எடுத்துட்டுப் போகட்டா சுகந்தின்னு கேட்டா. குடுத்துட்டேன்."

"அத்தை மேல?"

"அம்மாவுக்கு அவ மேல பாசம்தாண்டி. ஆனா பாசத்தை விடப் பயம் ஜாஸ்தி. அவ போனப்புறம் அந்தப் புதுத் தட்டை எங்க யாருக்கும் குடுக்கல. வாராவாரம் எடுத்துத் துலக்கி வைக்கும். என்னைக்காச்சும் அவ வந்தா வேணும்னு. நம்ம சாமான் நம்மள ஒண்ணும் கேக்காதுன்னு சொல்லும்ல? நானும் கடைசிவரைக்கும் ஒண்ணும் கேக்கல."

"அப்ப நான் வேணாம்னு சொல்லிடவா?"

"அதை எங்கிட்ட ஏண்டி கேக்குறே?" என்றாள். பிறகு, "ரேவதி எங்க இருக்கான்னு தெரிஞ்சா அவகிட்ட கேளு" என்றாள்.

ரேவதி எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று யாழினி தன் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து காட்டி, "அந்தப் பிள்ள வந்தா இதே மாதிரி வாங்கலாம்மா, பூப்போட்டது வேணாம்" என்றாள். அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டை மாற்றிவிடலாம். வாயை மாற்ற முடியுமா? முடியாது என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை விடுதியிலேயே இருப்பாள், செருப்பை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டு. முடியும் என்று சொல்லிவிட்டு, நானும் ஒருநாள் அவளை யார் முன்னாலோ நிறுத்தி, கையைத் திருப்பிக் காட்டி, ஒரு குறையும் வைக்கவில்லை என்று சொன்னால்?

இதைப் படிக்கிறவர்களில் பிறர் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு வைத்து வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் எனக்கு எழுதுங்கள். அந்தப் பிள்ளையை முதல்முதலாக எப்போது திட்டினீர்கள், எதற்காக, உங்கள் சொந்தப் பிள்ளை அப்போது என்ன செய்தது என்று எழுதுங்கள். பிறர் வீட்டில் வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. உங்களை அந்த வீட்டில் முதல்முதலாகத் திட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது?